ஜன்னலோரத்துக் கால்

கழுவித் துடைத்து மேசைமேல் வைத்த கால் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அவள் மழை என்றுதான் நினைத்தாள். அந்தக் கூடம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடமாக இருந்தது. மழை பெய்தால் எங்கேயாவது ஓர் இடத்தில் ஒழுகியே தீரும், ஒழுகுகிற இடமும் வருஷத்துக்கு வருஷம் மாறும். தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது. தகரத்தின் மேல் மழை இரைகிற சத்தத்துக்கு அடியில், சுவரோரத்து மேசையிலிருந்து சிமெண்ட் தரைக்கு, அவசரமே இல்லாமல் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

ரப்பர் கால் அது. இடுப்புக்குக் கீழே தொடங்கி முழங்காலோடு முடிந்துவிடும். தொடையின் உள்பக்கம் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல், அதற்குள் ஒரு குழாய். குழாயின் மறுமுனையைச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்ப் பையில் மாட்டிப் பையை அமுக்கினால், நிஜக் காயம் மாதிரியே பீய்ச்சும். காயத்துக்குள் துணியைத் திணித்து உடம்பின் மொத்த பாரத்தையும் கையில் இறக்கி அழுத்தினால் நிற்கும். அவசரப் பிரிவில் சிஸ்டராக இருந்த அவள் தலையில் இந்தப் பயிற்சி வகுப்பையும் கட்டியிருந்தார்கள். வாத்தியார் வேலை தனக்கு ஆகாது என்று அவள் புலம்பாத நாள் கிடையாது. ஆனால் இன்றைய வகுப்பு அவளே கேட்டு வாங்கியது.

மரம் அறுக்கும் மில்லிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். அவளுடைய தம்பிக்கு அங்கேதான் வேலை. போன மழைக்காலத்தில் அந்த மில்லில் ஒருவனுக்குத் தொடையில் ரம்பம் பாய்ந்து, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தும் பிழைக்காமல் போனான். அவனை மடியில் போட்டுக்கொண்டு வந்தது தம்பிதான். தம்பியின் சட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அடிபட்டது இவனுக்குத்தான் என்று நினைத்து அவள் கத்திய கத்தலை அந்தப் பிரிவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து மில் முதலாளியை நச்சரித்து, நச்சரித்து, இன்றைக்குத்தான் ஆட்களை அனுப்ப வைத்தாள்.

ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு கால். தம்பி ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இந்த ஆளுக்கு செருப்புச் செலவே இல்ல, குடுத்து வச்சவன்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, அவள் சொன்னதையெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரத்து மேசையில் நின்றவன் கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகாதவன். மில்லில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. வண்டி ஓட்டிவந்த டிரைவரையும் அவள் விடவில்லை, கதவுப்பக்க மேசையில் நிறுத்தினாள். மரம் தூக்குகிற அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் இருந்த இரண்டு மேசைகள். மழை பிடிப்பதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்று நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். மில்லில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவள் துணியும் பட்டையும் நிரப்பிக் கொடுத்த மருந்துப் பெட்டியை மேஸ்திரி மடியில் வைத்துக்கொண்டார். மில்லில் இறங்கியதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப்போவதாகத் தம்பி சொல்லியிருந்தான்.

இப்போது சொட்டுவது மாப்பிள்ளையின் கால்.

குழாய்க்குள் மிச்சம் நின்றிருக்கும் என்று நினைத்தாள். பையைக் கழற்றிக் காலி செய்து கொடியில் காயப்போட்டது அவளேதான். இருந்தாலும் காலைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்தொட்டியில் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். சிவப்பாக ஓடியது. சாயம் கொஞ்ச நேரத்தில் வெளுத்து ரோஜா நிறமாகிப் பிறகு தெளிந்துவிடும். இது தெளியவில்லை. ஓடுகிற தண்ணீரில் கலக்காமல், கனமாக, நூல் நூலாக இறங்கித் தொட்டியின் மூலையில் தேங்கியது. தேங்கிய இடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. சாயத்துக்கு வாடை கிடையாது. இது துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்த மாதிரி, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இரண்டு தரம் குளித்தாலும் அவள் தலைமுடியில் மிச்சமிருக்கிற வாடை.

தன் மூக்கே தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தால் மூக்கு எங்கே போனாலும் அதைத்தானே முகரும். காலை மேசைக்கே கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை.

ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

காயத்திலிருந்து மறுபடியும் கசிந்தது. இப்போது சொட்டாக இல்லை, இழையாக. அவள் யோசிக்கவில்லை. கை தானாகவே போய்க் காயத்தை மூடி அழுத்தியது, பால் பொங்கினால் அடுப்பை அணைக்கப் போகிற மாதிரி. கசிவு நின்றது. நின்ற இடத்தில், உள்ளங்கைக்குக் கீழே, ஏதோ தட்டியது.

நாடி.

கூடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள். புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பயத்தில் தங்கள் விரல் துடிப்பதையே நோயாளியின் நாடி என்று நினைத்து, செத்தவனுக்கும் நாடி இருக்கிறது என்று ஓடிவருவார்கள். அவர்களுக்கு அவள் சொல்லும் வைத்தியத்தைத் தனக்கே செய்துகொண்டாள். ஒரு கை காயத்தின் மேல் இருக்க, மறுகையின் இரண்டு விரலைத் தன் கழுத்தில் வைத்தாள். கழுத்தில் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலில் அப்படி இல்லை. நிதானமாக, தன் பாட்டுக்கு, தூங்குகிற ஆளுடையது மாதிரித் தட்டியது. இரண்டும் சேரவே இல்லை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். வண்டி இரைச்சலும் கண்ணாடியைத் துடைக்கிற கட்டையின் கிறீச்சும் கூடத்தை நிறைத்தன.

"என்னக்கா, அதுக்குள்ள தேடுதா?"

"எங்கடா இருக்கீங்க?"

"மலை ஏறிட்டோம். பாதி தூரம் தாண்டியாச்சு. உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"நமக்கென்ன. மாப்பிள்ளைதான் சரியில்ல. தண்ணி தண்ணின்னு ரெண்டு பாட்டில காலி பண்ணிட்டான். குளிருதுங்கறான், ஆனா வேர்த்து ஊத்துது. என்னென்னவோ உளர்றான். பொண்டாட்டிய விட்டுட்டு ஒரு பொழுது இருக்க முடியலன்னு எல்லாரும் ஓட்டிக்கிட்டிருக்கோம்."

தாகம், குளிர், வியர்வை, உளறல். உடம்பில் ரத்தம் குறையக் குறைய வருகிறவை, வருகிற வரிசையிலேயே.

"அவன் காலப் பாரு. வலது தொடை. காயம் இருக்கான்னு பாரு."

"அக்கா, வண்டில இத்தன பேர வச்சுக்கிட்டு..."

"பாருடா."

கொஞ்ச நேரம் இழுபறி, சிரிப்பு, யாரோ விசில். பிறகு தம்பியின் குரல் வந்தது. அதில் சிரிப்பு குறைந்திருந்தது.

"ஒண்ணுமே இல்லக்கா. கீறல்கூட இல்ல. ஆனா கால் ஐஸ் மாதிரி இருக்கு. முகம் வெள்ளக் காகிதம் மாதிரி ஆயிடுச்சு."

தான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அலமாரியை இழுத்துத் திறந்து துணிச்சுருளை எடுத்தாள். காயத்துக்குள் விரலால் திணித்தாள். விரலில் பட்டது ரப்பர் இல்லை. வழவழவென்று, சூடாக, தொட்டதும் சுருங்கியது. அவள் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடியே திணித்தாள். ஒரு முக்காலியில் ஏறி நின்று இரண்டு கையாலும் அழுத்தினாள். கடைசியாக மிச்சமிருந்த ஒரே இறுக்குப் பட்டையைத் தொடையின் மேல்பக்கம் சுற்றி, கட்டையைத் திருகி, திருகி, இனித் திருக முடியாது என்கிறவரை திருகினாள். சொட்டு நின்றது.

"அக்கா, இருக்கியா? எழுந்து உட்காந்துட்டான். எங்கடா வந்திருக்கோம்னு கேக்கறான். ஒண்ணும் இல்ல, மலைப்பாதை ஒத்துக்கல போல."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பும் வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னால் நாளைக்கே வேலையை விடச் சொல்வாள். அம்மா சொல்கிறபடி விட்டுவிடலாம் என்றுகூட அந்த நிமிஷத்தில் தோன்றியது.

கதவுப்பக்க மேசையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே அது யார் நின்ற மேசை என்று நினைத்துப் பார்த்தாள்.

"வண்டிய யாருடா ஓட்டறது?"

"டிரைவர்தான். வேற யாரு?"

"அவருக்கு எப்படி இருக்கு?"

தம்பி போனை அகற்றிக் கேட்பது காதில் விழுந்தது. பதில் மெதுவாக, தொலைவிலிருந்து வந்தது. "கண்ணு லேசா மங்குது தம்பி. மழைதான்."

"நிறுத்து" என்றாள். "வண்டிய நிறுத்தச் சொல்லு."

"இங்கயா? இது வளைவுக்கா. ஓரங்கட்ட இடமே இல்ல, எதிர்ல இருக்கறதே தெரியல..."

"நிறுத்துடா."

அவசரப் பிரிவில் அவள் அந்தக் குரலை எடுத்தால் பெரிய டாக்டர்களே ஒதுங்கி நிற்பார்கள். தம்பி சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குப் பழகியவன். பிரேக் கதறியது. எஞ்சின் இரைச்சல் அடங்கியது. மழை மட்டும் இருந்தது, அங்கேயும் இங்கேயும்.

"நிறுத்தியாச்சு. சந்தோஷமா?"

"அவர சீட்ட விட்டு இறக்கு. பின்னாடி படுக்க வை. காலத் தூக்கி வச்சு..." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேசியபடியே கதவுப்பக்க மேசைக்கு ஓடினாள். டிரைவரின் கால் நன்றாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. திணிக்கத் துணி இருந்தது, கட்டப் பட்டை இல்லை. எல்லாப் பட்டையும் மேஸ்திரி மடியில் இருக்கிற பெட்டிக்குள் போய்விட்டது. மேசைமேல் முழங்காலை ஊன்றித் துணியைக் காயத்துக்குள் திணித்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"பின்கதவத் தொறந்தாத்தான் படுக்க வைக்க முடியும்கா. எல்லாரும் எறங்கிட்டோம். வண்டிக்குப் பின்னாடி நிக்கறோம். தொப்பலா நனைஞ்சாச்சு. நீ நேர்ல வா, உனக்கு இருக்கு."

"சீக்கிரம்டா."

"இரு. மாப்பிள்ள, நீ அந்தப் பக்கம் புடி. மேஸ்திரி, பெட்டிய..."

ஒரு ஹாரன்.

நீளமாக. நிற்காமல். நெருங்கி நெருங்கி.

அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்கு அவளுக்குப் பேர் தெரியவில்லை. அங்கே தம்பியின் போன் எங்கேயோ விழுந்து உருண்டது. மழை அதன் மேல் நேராக விழுந்தது.

"டேய்."

மழை.

"டேய். தம்பி."

கூடத்தில் முதலில் கிளம்பியது நடுமேசை இரண்டும். சொட்டவில்லை. பீய்ச்சின. பையில்லாத, அமுக்க ஆளில்லாத குழாயிலிருந்து, துடித்துத் துடித்து, எதிர்ச் சுவர் வரைக்கும். அவள் கட்டிய பட்டையையும் மீறி மாப்பிள்ளையின் கால் நனைந்தது. அவளுடைய கைக்கு அடியில் டிரைவரின் கால் உதறியது. கதவுக்கு வெளியே வாசல் காவலாளியைக் கூப்பிட்டுக் கத்தினாள். தகரத்தில் விழுகிற மழையில் அவள் குரல் வாசல்வரை போகவில்லை.

பிறகு ஜன்னலோரம்.

டிரைவரை விட்டாள். விட்டது தெரிந்தேதான் விட்டாள். வழுக்கி விழுந்து எழுந்து ஜன்னலோரத்து மேசையைப் பிடித்தாள். தம்பியின் காலிலிருந்து வந்தது அவள் முகத்தில் அடித்தது. சூடு. உப்பு. இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நெஞ்சால் அழுத்தினாள்.

"சிஸ்டர்."

போனில் மேஸ்திரி. அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா தெரியவில்லை.

"சிஸ்டர், லாரி. வந்ததே தெரியல. எல்லாரும் கெடக்கறாங்க. நான் பெட்டி எடுக்க உள்ள போனேன், அதனால..."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. லாரிக்காரர் ஆம்புலன்சுக்குப் பேசறாரு. நான் என்ன செய்யணும் சிஸ்டர்?"

கூடத்தில் ஆறாவது மேசை, மேஸ்திரியின் மேசை மட்டும் காய்ந்திருந்தது.

"என் தம்பி."

"தொடையில சிஸ்டர். ரொம்ப மோசம். பீய்ச்சுது."

"அவன்கிட்ட போங்க. துணியத் திணிங்க. கை முழுசும் உள்ள போனாலும் பரவால்ல. முட்டியப் போட்டு அழுத்துங்க."

"அழுத்தறேன்."

"இன்னும்."

"அழுத்தறேன் சிஸ்டர்."

அவளும் அழுத்தினாள். இங்கே அவள், அங்கே மேஸ்திரி. கைக்குக் கீழே அது முட்டியது. முட்டி, முட்டி, வழி கிடைக்காமல் திரும்பியது. அவளுக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னாள். தம்பியை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பேரையும் சொன்னாள். தோள்பட்டை இற்றுப்போகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும்.

முட்டுவது மெதுவானது.

ஒன்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

பிறகு இல்லை.

"நின்னுடுச்சு" என்றார் மேஸ்திரி. அந்த மனிதரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் காலையிலிருந்து கேட்கவில்லை. "சிஸ்டர், நின்னுடுச்சு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சேன். ஒரு சொட்டுகூட வரல."

அழுத்தி நிறுத்துவது ஒன்று. கொடுப்பதற்கு உடம்பில் மிச்சமில்லாமல் தானே நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவள் கைக்குத் தெரியும். இதற்கு முன்னால் எத்தனையோ தரம் தெரிந்திருக்கிறது.

"சிஸ்டர், கேக்குதா? மாப்பிள்ள கூப்பிடறான். கைய நீட்டறான். மத்தவங்களுக்கும் வந்துக்கிட்டே இருக்கு. பெட்டில பட்டை இருக்கு. தம்பிக்குத்தான் நின்னுடுச்சே, நான் அவன்கிட்ட போகவா?"

போங்க. ஒரே வார்த்தை. அவசரப் பிரிவில் அந்த வார்த்தையை அவள் எத்தனையோ அக்காக்களின் கண்ணெதிரே சொல்லியிருக்கிறாள். இவனை விடு, அடுத்தவனிடம் போ. சொல்லிவிட்டு அந்தப் பெண்களின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பின்னால் நாலு மேசையிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஓடி, அந்தக் காலத்தில் சலவைத் தண்ணீர் போவதற்காக வெட்டிய வாய்க்காலில் இறங்கி, சாக்கடைத் துளையில் கடகடவென்று போயிற்று. அவள் கைகளைப் பார்த்தாள். அவற்றை எடுத்தால் மேஸ்திரியும் எடுப்பார். எடுத்தால் அங்கே, அந்த ரோட்டில், மழையில், அவன் தனியாகக் கிடப்பான்.

வாயைத் திறந்தாள்.

"சிஸ்டர்?"

"போகாதீங்க" என்றாள். "அவன்கூடயே இருங்க மேஸ்திரி. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

"சரிங்க சிஸ்டர்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்ன பேச்சு கேட்கிற மனிதர்.

போனில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். இன்னொரு முறை கேட்டார்கள். அவளுக்குப் பின்னால் நடுமேசையில் ஒன்று துடித்துத் துடித்து மெலிந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்து மேசை. பிறகு கதவுப்பக்கம். சாக்கடைத் துளையின் கடகடப்பு அடங்கிக்கொண்டே வந்தது. அவள் திரும்பவே இல்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. கைக்குக் கீழே ரப்பர் குளிர்ந்துகொண்டிருந்தது. சுவரோரத்து மேசையிலிருந்து மட்டும் இன்னும் ஒரு சொட்டு விழுந்தது, வெகு நேரம் கழித்து இன்னொன்று, அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.